ஈயத்தின் மேல் ஒட்டிய தூள்

மே மாதத்து மத்தியானத்தில் தாம்பரத்து மொட்டைமாடியில் ஓர் ஈயத்துண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டியிருக்கும். கையில் எடுத்தால் சுடும். நமக்கு அது வெறும் சூடு. ஈயத்துக்கோ அது பாதி வழி. ஓர் உலோகம் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதை, அது உருகும் வெப்பநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வைத்துப் பெருமளவு சொல்லலாம். அந்தத் தூரத்தைத் தனிச்சுழி வெப்பநிலையான மைனஸ் 273 டிகிரியிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால் ஈயம் உருகுவது 600 டிகிரியில். நம் ஊர் நிழலே 300 டிகிரிக்கு மேல். இரும்பை இதே பாதி வழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் உலையில் வைத்து ஏறக்குறைய 630 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்ச வேண்டும். அப்போது அது மங்கிய சிவப்பில் ஒளிரும்.

கொல்லன் சிவக்கக் காய்ச்சித்தான் இரும்பை வளைக்கிறான். ஈயமோ பிறந்ததிலிருந்து அந்த நிலையிலேயே இருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கூரைகளில் சரிவாகப் பதித்த ஈயத்தகடுகள் தம் சொந்த எடையாலேயே நூற்றாண்டுகளில் மெல்லக் கீழ்நோக்கி நகர்ந்திருக்கின்றன. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வெள்ளீயம், அதாவது டின். நான் பேசுவது காரீயத்தைப் பற்றி.)

இந்த மென்மைதான் துப்பாக்கிக் குண்டு செய்ய ஈயத்தை மனிதன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். விறகடுப்பில் உருகும், அச்சில் ஊற்றினால் வடிவம் பிடிக்கும், கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் கனம் என்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதே மென்மைதான் கடந்த 170 ஆண்டுகளாக அதன் மேல் ஏதாவது ஒன்றைப் பூசியே தீரவேண்டிய கட்டாயத்தையும் உண்டாக்கியது. கொழுப்பு, காகிதம், செம்பு என்று போய், இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொழுதுபோக்காகக் குண்டு வார்ப்பவர்கள் அதன் மேல் பிளாஸ்டிக் தூளை ஒட்டவைத்துச் சுட்டெடுக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பட்டறைகளில் இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிக்கும் பவுடர் கோட்டிங்தான் அது. தென்சென்னையில் தெருவுக்குத் தெரு நடக்கிற ஒரு வேலைக்குள் இவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பூச்சே இல்லாத காலம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் பரங்கிமலை வருகிறது. 1759 பிப்ரவரியில் அந்த மலையடிவாரத்தில் ஒரு சண்டை நடந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி அப்போது புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து தொல்லை கொடுத்த ஆங்கிலேயக் கும்பினிப் படைக்குக் கையோ என்ற அதிகாரி தலைமை தாங்கினார். உடன் நின்றவர் மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான். அன்றைய பிரிட்டிஷ் மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழப்பானது. குழலின் விட்டம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர், அதில் போட்ட உருண்டை ஈயக்குண்டு பதினேழரை. இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கருமருந்தின் கரி குழலுக்குள் அப்பிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் நாலாவது முறை உள்ளேயே இறங்காது. தளர்வான குண்டு குழலுக்குள் இடமும் வலமும் முட்டிக்கொண்டே வெளியேறும், நூறு மீட்டருக்கு அப்பால் குறி என்ற பேச்சே கிடையாது. குழலை அது சரியாகத் தொடவேயில்லை என்பதால் அதற்குப் பூச்சும் தேவைப்படவில்லை.

குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டியதும் எல்லாம் மாறியது. ரைஃபிள் என்ற பெயரே அந்தப் பள்ளத்தால் வந்தது. பள்ளத்தின் விளிம்பு குண்டைக் கவ்விச் சுழற்றுகிறது. சுழலும் குண்டு திசை மாறாமல் போகிறது. கவ்வ வேண்டுமானால் குண்டு மென்மையாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அதே குண்டு வழுக்கிக்கொண்டும் போக வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் குழலிலேயே தங்கிவிடும். ஒரே மேற்பரப்பு பிடிக்கவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும். ஈயக்குண்டுப் பூச்சின் வரலாறு முழுவதும் இந்த முரணைத் தீர்க்கும் முயற்சிதான்.

முதல் தீர்வு கொழுப்பு. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா ஒரு காகிதக் குழாய். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் ஈயக்குண்டு. குண்டிருக்கும் முனையில் காகிதத்தின் மேல் கொழுப்பு தடவியிருக்கும். சிப்பாய் மருந்துப் பக்கத்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் கொட்ட வேண்டும், கொழுப்புக் காகிதம் சுற்றிய குண்டை உள்ளே செலுத்த வேண்டும். அந்தக் கொழுப்பு மாட்டினுடையதா பன்றியினுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து நீங்களே பூசிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றியது. காலம் கடந்துவிட்டது. மார்ச் 29 பாரக்பூர், மே 10 மீரட் என்று சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. அந்தக் கிளர்ச்சிக்கு நிலமும் வரியும் ஊதியமும் மானமும் என எத்தனையோ காரணங்கள் உண்டு, கொழுப்பு அதில் தீக்குச்சி மட்டுமே. ஆனாலும் ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவில் ஒரு வழுக்கும் படலம் வேண்டும் என்ற பொறியியல் தேவையிலிருந்துதான் அந்தத் தீக்குச்சி வந்தது. பள்ளிப் பாடத்தில் இந்தப் பகுதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது தீர்வு செம்பு. 1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் லெபெல் ரைஃபிள் வந்தது. அதன் குண்டு நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் பறந்தது. இந்த வேகத்தில் கொழுப்பு பூசிய ஈயம் பள்ளத்தின் பிடியில் நிற்காமல் உரிந்துகொண்டு நேராகவே பாய்ந்துவிடும். சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் 1880-களின் தொடக்கத்திலேயே ஈயத்தின் மேல் செம்புத் தகட்டை இறுக்கிப் பொதியும் முறையை உருவாக்கியிருந்தார். ராணுவங்கள் எல்லாம் அதற்கு மாறின. அந்த உறையின் மூக்குப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு, உடலுக்குள் ஈயம் பிதுங்கி விரியும்படி செய்த குண்டு 1890-களில் அதே டம்டம் ஆயுதசாலையில் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரியின் மேற்பார்வையில் உருவானது. ஹேக் நகரில் 1899-இல் கூடிய மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. பூச்சு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

இனி தூள். அமெரிக்காவில் காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றி இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. அதில் ஒரு பிரிவினர் குண்டையும் தாங்களே வார்க்கிறார்கள். கார் சக்கரத்தின் சமநிலைக்காக ரிம்மில் அடிக்கும் ஈயத்துண்டு, அச்சகங்களிலிருந்து வந்த எழுத்து உலோகம் என்று கிடைத்ததை உருக்குவார்கள். எழுத்து உலோகத்துக்கு அங்கே தனி மதிப்பு. லைனோடைப் உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். தூய ஈயத்தைவிட நான்கு மடங்கு கடினம். ஆப்செட் வருவதற்கு முன் நம் ஊர் அச்சகங்களில் தமிழ் எழுத்துகளும் இந்தக் குடும்பத்துக் கலவையில்தான் வார்க்கப்பட்டன. இப்படி வார்த்த குண்டுக்கு முன்பெல்லாம் தேன்மெழுகு கலந்த மசகுதான் பூச்சு. சுடும்போது அது புகைந்து கண்ணை எரிக்கும், கையில் பிசுபிசுக்கும். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்த இடத்தைத் தூள் பூச்சு பிடித்துக்கொண்டது.

இந்தியாவில் இதை வீட்டில் செய்ய முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவு, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது; உரிமம் இல்லாமல் செய்தால் சிறை. இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தூள் எப்படி ஒட்டுகிறது என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. பம்மலிலோ பெருங்களத்தூரிலோ ஏதாவது ஒரு பவுடர் கோட்டிங் ஷெட்டின் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும்.

அங்கே துரு நீக்கி உலர்த்திய கிரில் ஒன்று கம்பியில் தொங்குகிறது. முகமூடி போட்ட தொழிலாளி கையில் துப்பாக்கி போன்ற கருவி. ஷெட்டிலும் அதை ‘கன்’ என்றுதான் சொல்கிறார்கள். அதிலிருந்து மாவு போன்ற தூள் காற்றோடு வருகிறது. திரவம் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனாலும் தூள் கீழே கொட்டாமல் இரும்பை நோக்கித் திரும்பிப் போய் ஒட்டிக்கொள்கிறது. கம்பியின் முன்பக்கம் அடித்தால் பின்பக்கத்திலும் கொஞ்சம் படிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்குச் சலிப்பு வருவதேயில்லை.

கன்னின் நுனியில் ஓர் ஊசி இருக்கிறது. அதில் 60 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வோல்ட் வரை எதிர்மின்னழுத்தம். மின்னோட்டம் மிகச் சொற்பம். ஊசி முனையைச் சுற்றியுள்ள காற்று அயனிகளாகிறது, அந்த அயனிகள் கடந்து போகும் தூள் துகள்களின் மேல் ஏறிக்கொள்கின்றன. துகள் ஒவ்வொன்றும் சராசரியாக 30, 40 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பாதி. கிரில்லுக்கு எர்த் கொடுத்திருப்பார்கள். மின்னேற்றம் பெற்ற துகள் உலோகத்தை நெருங்கும்போது உலோகத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. எதிர்மின் துகள் வந்தால் அவை பின்வாங்கி, அந்த இடத்தில் நேர்மின் தன்மை மேலோங்கும். கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தைப் போலவே, உலோகத்துக்குள் துகளின் மின்னூட்டத்துக்கு எதிரான ஒரு பிம்ப மின்னூட்டம் இருப்பதாகக் கணக்குப் போட்டால் ஈர்ப்பு விசை துல்லியமாக வருகிறது. துகள் பிளாஸ்டிக் என்பதால் உலோகத்தைத் தொட்ட பிறகும் அதன் மின்னூட்டம் சட்டென்று வடிந்துவிடுவதில்லை. தூக்கிக்கொண்டு ஓவன்வரை போனாலும் கீழே விழாமல் நிற்கும் அளவுக்குப் பிடி இருக்கிறது.

அதைவிட அழகானது, பூச்சு தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. படிந்த தூள் எல்லாம் ஒரே மின்னூட்டம் கொண்டது. அடுக்கு தடிக்கத் தடிக்க அது புதிதாக வரும் துகளை விலக்குகிறது. மெலிந்த இடம் இழுக்கும், தடித்த இடம் தள்ளும். அதனால் பூச்சு ஏறக்குறைய ஒரே கனத்தில் அமைகிறது, பெரும்பாலும் 60 முதல் 80 மைக்ரான். அளவு மீறி அடித்தால் அடுக்குக்குள் நுண்ணிய மின்பொறிகள் வெடித்து ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழும். கிரில்லின் உள்மூலைகளில் மட்டும் தூள் போக மறுக்கும். மின்புலம் உலோகத்தின் வெளிவிளிம்பிலேயே முடிந்துவிடுவதால் மூலைக்குள் அது எட்டுவதில்லை. ஃபாரடே கண்டுசொன்ன கூண்டு விளைவுதான் இது. பழைய கேட்டுகளில் துரு முதலில் உள்மூலையில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குண்டு வார்க்கும் பொழுதுபோக்காளரிடம் பெரும்பாலும் இந்த கன் இல்லை. அவர் செய்வது இன்னும் பழைய வித்தை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளையும் தூளையும் சிறு பிளாஸ்டிக் மணிகளையும் போட்டு மூடிக் குலுக்குகிறார். மின்சாரம், கம்பி, எர்த் எதுவும் கிடையாது. திறந்து பார்த்தால் சாம்பல் நிற ஈயம் முழுக்கச் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறியிருக்கும். உராய்வால் வரும் மின்னூட்டம் இது. இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்று நேர்மின்னும் மற்றொன்று எதிர்மின்னும் பெறுகின்றன. எது எதைப் பெறும் என்று 1757-இலேயே யோஹான் வில்க்கே வரிசைப்படுத்தி வெளியிட்டார். தொழிற்சாலைகளிலும் இதே அடிப்படையில் இயங்கும் கன் உண்டு. அதில் உயர் மின்னழுத்த ஊசி கிடையாது. டெஃப்லான் குழாய்க்குள் தூள் உரசிக்கொண்டு வருவதாலேயே நேர்மின்னூட்டம் பெறுகிறது. வெளியே வலுவான மின்புலம் இல்லாததால் உள்மூலைகளுக்கும் அது நன்றாகப் போகும்.

வில்க்கேவுக்குப் பின் இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஒரு காப்புப்பொருளிலிருந்து இன்னொரு காப்புப்பொருளுக்கு எது தாவுகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. எலெக்ட்ரான் என்கிறார்கள் சிலர். மேற்பரப்பில் இருக்கும் அயனிகள் என்கிறார்கள் வேறு சிலர். பொருளின் நுண்துணுக்குகளே மின்னூட்டத்தோடு பெயர்ந்துபோய் ஒட்டுவதைக் காட்டிய சோதனைகளும் உண்டு. அணுக்கருவைப் பிளந்துவிட்டோம், டப்பாவைக் குலுக்கினால் நடப்பதை முழுமையாகச் சொல்ல இன்னும் தடுமாறுகிறோம்.

நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு: காற்றின் ஈரம். ஈரக்காற்றில் எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது, அதன் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. அரிசோனாப் பாலைவனத்து வறண்ட காற்றில் ஒரு நிமிடக் குலுக்கலில் ஒட்டும் தூள், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருக்கும் தாம்பரத்தில் முரண்டு பிடிக்கும். கடலோரத்து ஷெட்டுகளுக்கு இது அன்றாடப் போராட்டம். கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் திரள்கிறது. அது ஹோஸ் வழியாக வந்தால் தூள் கட்டிதட்டும், கன் துப்பும், பூச்சில் குமிழ் வரும். அதனால்தான் காற்றை உலர்த்த ஏர் டிரையர் வைக்கிறார்கள், தூள் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கிறார்கள்.

ஒட்டிய தூள் இன்னும் தூள்தான். விரலால் துடைத்தால் போய்விடும். அதை ஓவனில் வைக்கிறார்கள். நூறு டிகிரியைத் தாண்டியதும் பாலியெஸ்டர் துகள்கள் இளகி ஒன்றோடொன்று கலந்து வழவழப்பான படலமாகின்றன. 180, 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும்போது நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகின்றன. ஒவ்வொரு சங்கிலியும் பக்கத்துச் சங்கிலியோடு கட்டப்பட்டு, கடைசியில் முழுப் பூச்சும் ஒரே பெரும் மூலக்கூறு என்று சொல்லும் நிலை வருகிறது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாதது போல, இந்தப் படலத்தை மறுபடி உருக்க முடியாது. மேலும் சூடேற்றினால் கருகும்.

இரும்பு கேட்டுக்கு 200 டிகிரி ஒன்றுமேயில்லை. ஈயத்துக்கோ அது உயிர்ப் போராட்டம். தூய ஈயம் 327 வரை தாங்கும், கவலையில்லை. ஆன்டிமனி கலந்த ஈயம் 252 டிகிரியிலேயே ஓரளவு உருகத் தொடங்கும். அதோடு வெள்ளீயமும் சேர்ந்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறையும். ஆக, பூச்சு வேக வேண்டிய சூட்டுக்கும் குண்டு இளகிக் கூழாகும் சூட்டுக்கும் நடுவில் ஐம்பது டிகிரிகூட இல்லை. அந்தக் குறுகிய சந்துக்குள்தான் முழு வேலையும் நடக்கிறது.

அந்தச் சந்துக்குள் இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. சூட்டில் ஈயத்துக்குள் கரையும் ஆன்டிமனியின் அளவு அறை வெப்பத்தில் கரைவதைவிடப் பல மடங்கு அதிகம். சூடாக இருக்கும் குண்டைச் சட்டென்று தண்ணீரில் போட்டால், கரைந்த ஆன்டிமனிக்கு வெளியேற நேரம் கிடைக்காமல் ஈயத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. பிறகு, அலமாரியில் சும்மா இருக்கும் நாட்களில், அது நுண்ணிய மணிகளாகத் திரண்டு ஈயத்தின் அணு அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்காமல் தடுக்கிறது. உலோகம் தானாகவே நாளுக்கு நாள் கடினமாகிறது. அலுமினியக் கலவைகளிலும் இது நடக்கும். ஈயத்தில் இது மின்விசிறிக்குக் கீழேயே நடக்கக் காரணம், நாம் முதலில் பார்த்த பாதி வழிக் கணக்கு. அறை வெப்பத்திலேயே ஈயத்துக்குள் அணுக்கள் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

இவ்வளவும் செய்து முடித்த பின் அந்தப் படலத்துக்கு வேலை எவ்வளவு நேரம்? 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியில் குண்டு குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய அரை மில்லிநொடி. பின்னால் வளிமண்டலத்தைப் போல 2,000 மடங்குக்கு மேல் அழுத்தம், ஆயிரக்கணக்கான டிகிரிக்குக் காய்ந்த வாயு. கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு சுற்று என்ற பள்ளத்தில் நொடிக்கு 350 மீட்டர் வேகம் என்றால், குண்டு நிமிடத்துக்கு 80 ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றபடி வெளியேறும். ஈயம் அந்த வாயுவில் உருகிவிடாததற்குக் காரணம் நேரமின்மை மட்டுமே. ஆனால் குண்டுக்கும் குழலுக்கும் இடையே ஒரு முடி அளவு சந்து இருந்தாலும் வாயு அதன் வழியே சீறி, ஈயத்தை அரித்துக் குழலின் சுவரில் பூசிவிடும். பிளாஸ்டிக் படலம் பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்பக் கிழியாமல் மடங்கி அந்தச் சந்தை அடைக்கிறது, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. சுட்ட பிறகு மண்மேட்டிலிருந்து எடுத்த குண்டுகளில் பள்ளத்தின் தடம் அச்சு மாதிரி பதிந்திருக்க, அதன் மேல் வண்ணப் பூச்சு அப்படியே ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பிடிக்கவும் வழுக்கவும் ஒரே பரப்பு வேண்டும் என்ற அந்தப் பழைய முரண் ஒரு கேட்டுப் பெயின்டால் தீர்ந்திருக்கிறது.

ஈயத்தின் நஞ்சை மட்டும் அது தீர்க்கவில்லை. பூசிய குண்டைத் தொட்டால் கையில் ஈயம் ஒட்டாது, சுடும்போது எழும் ஈயப்புகையும் குறையும். ஆனால் தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலேயே பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் என்ற சேர்மம் இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் புகையாகி முகத்துக்கு நேரே வருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து பூச்சுக்கு முந்தைய கட்டத்தில், உருக்கும் சட்டியின் மேல் மிதக்கும் சாம்பல் நிற ஆக்சைடு ஏட்டில் இருக்கிறது. அதை வழித்து எடுக்கும்போது பறக்கும் தூசு தரையில், துணியில், விரல் நகத்தில் தங்கி வாய்க்குப் போகிறது. இது குண்டு வார்ப்பவர்களுக்கு மட்டுமான சேதி இல்லை. கடற்கரைக் குப்பங்களில் வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயக்குண்டு வேண்டும். அதை உருக்கி வார்ப்பவர்களும் உண்டு. செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து உருக்கும் வேலை இன்னும் மோசம்.

சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினரும் அதில் பங்கெடுத்தார்கள். மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள 756 குழந்தைகளுக்குச் சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக்கூடக் கவனச் சிதறலும் பதற்றமும் கூடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் இன்று 3.5-ஐத் தாண்டினாலே அந்தக் குழந்தையை உடனே கவனிக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஈயத்தைக் கால்சியம் என்று உடல் தவறாக எண்ணி எலும்புக்குள் சேமித்துவைக்கிறது. ரத்தத்திலிருந்து ஓரிரு மாதங்களில் குறையும் ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும்.

எனக்கு இதில் மிகவும் அக்கறையுள்ள இடம் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் பயிலும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தளங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற விளையாட்டு அது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆர்வத்தோடு வருவது மகிழ்ச்சி தருகிறது. அங்கே வெடிமருந்து இல்லை, புகை இல்லை. ஆனால் பெல்லட் பெரும்பாலும் பூச்சில்லாத ஈயம். நாலரை மில்லிமீட்டர், அரை கிராம். மெல்லிய எண்ணெய்ப் படலம் தவிர அதன் மேல் வேறொன்றும் கிடையாது. ஒரு போட்டியில் அறுபது முறை சுட வேண்டும் என்றால், பயிற்சிச் சூடுகளைச் சேர்க்காமலே அறுபது முறை வெறும் விரலால் ஈயத்தைத் தொட்டெடுக்கிறார்கள். இலக்குத் தகட்டில் மோதி நொறுங்கும் பெல்லட்டின் தூசு பொறிப்பெட்டிக்குள் சேர்கிறது. துடைப்பத்தால் பெருக்கினால் அது பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவிய பிறகே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். ஆல்கஹால் சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தைக் கரைத்துக்கொண்டு போகாது. பெல்லட் டின்னைச் சாப்பாட்டுப் பையில் வைக்காமல் தனிப் பையில் வைக்கலாம். பயிற்சிக்குப் போட்ட சட்டையைத் தனியாகத் துவைக்கலாம். வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால் இவற்றை ஒருநாளும் தவற விடக்கூடாது.